கையுறை யாருக்காக

கிழக்கு லண்டனில் நான் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு பூங்கா. வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறரை மணிக்கு அங்கே ஒருவர் வேனில் வருகிறார். பின்கதவைத் திறந்தால் கையுறைகள், விரல்களைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டைகள், குத்துகளை ஏந்திக்கொள்ளும் தோல் பேட்கள். நாங்கள் ஆறு பேர். யாரும் யாரோடும் சண்டை போடப்போவதில்லை. எனக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குத் தூக்கமின்மை, மற்றவர்களுக்கு வயிறு. அவர் எண்களைச் சொல்கிறார். ஒன்று என்றால் இடதுகை நேர்க்குத்து, இரண்டு என்றால் வலது. மூன்று நிமிஷம் அவர் ஏந்திய பேட்களைக் குத்துகிறோம், ஒரு நிமிஷம் மூச்சு வாங்குகிறோம். ஒரு மணி நேரம் ஆனதும் வேன் அடுத்த பூங்காவுக்குப் போய்விடுகிறது.

சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வடசென்னைக்காரர். சார்பட்டா, இடியப்பர் என்று பரம்பரை சொல்லிக்கொண்டு மேடை ஏறிய மனிதர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 'வாத்தியார் இல்லை, எதிராளி இல்லை, மானம் அவமானம் இல்லை. இது குத்துச்சண்டையா? தொப்பை கரைக்கும் வியாபாரம்' என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. ஒரு கலை தேய்ந்து சந்தைச் சரக்கான கதையின் கடைசி அத்தியாயத்தில் நான் நிற்பதாகவே நினைத்திருந்தேன். சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் கதை அப்படி இல்லை என்று தெரிந்தது.

ஜாக் ப்ராட்டன் தேம்ஸ் நதிப் படகோட்டி. 1743ல் லண்டனில் சொந்தமாக ஒரு சண்டைக் கொட்டகை வைத்து, வெறுங்கைச் சண்டைக்கு முதன்முதலாக விதிகள் எழுதியவர். நான்கு வருஷம் கழித்து, 1747ல், கனவான்களுக்குப் பயிற்சிக்கூடம் திறப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கண் கறுக்காது, தாடை உடையாது, மூக்கில் ரத்தம் வராது என்று அதில் உத்தரவாதம். காரணம், மாணவர்கள் கையில் பஞ்சடைத்த உறை மாட்டப்படும். கொட்டகையில் காசுக்காக மோதியவர்களுக்கு உறை கிடையாது. அவர்கள் முகம் கிழியலாம். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். ஆக, கையுறை பிறந்தது சண்டைக்காரனுக்காக அல்ல. சண்டை போடத் தேவையில்லாதவனுக்காக. நண்பர் எதைச் சீரழிவு என்றாரோ அது ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. 1750ல் ஜாக் ஸ்லாக் என்பவனிடம் கண்கள் வீங்கி மூடிக்கொள்ள ப்ராட்டன் தோற்றார். அவர் மேல் பந்தயம் கட்டியிருந்த கம்பர்லாண்ட் பிரபுவின் ஆதரவு அதோடு போயிற்று, கொட்டகையும் மூடப்பட்டது.

பெத்னல் கிரீனில் பாரடைஸ் ரோ என்ற தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை இருக்கிறது. டேனியல் மெண்டோசா அங்கே வாழ்ந்தார். உருவத்தில் சிறிய யூதர். பலத்துக்குப் பதில் காலசைவையும் தடுப்பையும் வைத்து ஜெயித்தவர். அதைச் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். 1789ல் புத்தகமாகவே எழுதினார். ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டினார். 1795ல் ஹார்ன்சர்ச்சில் ஜான் ஜாக்ஸன் அவருடைய நீண்ட முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தார். விதிகள் அதைத் தடுக்கவில்லை. மெண்டோசா 1836ல் வறுமையில் செத்தார்.

ஜாக்ஸனுக்கு அது கடைசிச் சண்டை. வாழ்நாளில் பகிரங்கமாக அவர் மூன்றே முறைதான் மோதினார். பிறகு பாண்ட் தெரு 13ஆம் எண்ணில் பயிற்சியறை. பிரபுக்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் பைரன்.

பைரனின் குத்துச்சண்டையை இலக்கிய விமர்சகர்கள் ஆண்மை வேஷமாகவே எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். 1814 ஏப்ரல் 10ஆம் தேதிக் குறிப்பை நிதானமாகப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். நான்கு நாளாக அறையை விட்டு வெளியே போகவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்து ஜாக்ஸனோடு தினம் ஒரு மணி நேரம் பயிற்சி. உடம்பை மெலிய வைப்பதற்காக. அன்று தின்றது ஆறு பிஸ்கட், குடித்தது நாலு பாட்டில் சோடா. பதவி இழந்த நெப்போலியனைப் பற்றிய கவிதையை எழுதி முடித்ததும் அன்றுதான். பருமனாகிவிடுவோமோ என்ற பயம் ஆயுள் முழுக்க அவரைத் துரத்தியது. வலதுகால் பிறவியிலேயே ஊனம். முதல் நாள் வேர்த்துக்கொண்டு எங்கள் பூங்காவுக்கு வந்தால் யாரும் வித்தியாசமாக நினைத்திருக்க மாட்டோம். என்னை நிறுத்திய விஷயம் வேறு. மாணவர் அறையை விட்டு வெளியே போகவில்லை. அப்படியானால் வந்தவர் ஆசிரியர். வீடு தேடி வந்த சாம்பியன்.

பின்னால் 'டான் ஜுவான்' அடிக்குறிப்பொன்றில் ஜாக்ஸனைத் தன் உடம்பின் குருவாகப் பாதி விளையாட்டாகக் குறிப்பிட்டார் பைரன். குருவின் பக்கத்திலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லும் குறிப்பு எதையும் நான் படித்ததில்லை. மெண்டோசாவின் தலைமுடியைப் பிடித்த அதே கை, ஜன்னல் திறந்த அறையில், ஒரு கவியின் மூக்கில் பட்டுவிடாமல் தினமும் தன்னை அடக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் நுட்பமே அந்த அடக்கத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எல்லா ஆசிரியர்களுக்கும் பாண்ட் தெரு கிடைக்கவில்லை. பில் ரிச்மண்ட் 1763ல் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்தவர். லண்டனில் மதுக்கடை நடத்தி, அதோடு குத்துச்சண்டை கற்பித்தார். 1821ல் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவில் ஜாக்ஸன் தலைமையில் குத்துச்சண்டைக்காரர்களைப் பணியாள் உடையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நிறுத்தினார்கள். ரிச்மண்டும் அங்கே நின்றார். பாடம் படித்த பிரபுக்கள் அங்கி உடுத்தி உள்ளே.

1867ல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள் கையுறையைச் சண்டைக்காரர்களுக்கும் கட்டாயமாக்கின. மூன்று நிமிஷச் சுற்று, ஒரு நிமிஷ ஓய்வு. எங்கள் ஆசிரியரின் கைபேசி அந்தக் கணக்கில்தான் மணியடிக்கிறது.

சென்ற மாதம் மழைநாளில் நான் மட்டும் போயிருந்தேன். 'கை வலிக்காதா?' என்று கேட்டேன். தினம் நாலு வகுப்பு, ஆயிரக்கணக்கான குத்துகள். 'கை இல்லை. தோள். ராத்திரியில் இடதுபக்கம் படுக்க முடிவதில்லை' என்றார். பிறகு பேட்களைக் கழற்றி என் கைகளில் மாட்டினார். 'நீங்கள் பிடியுங்கள். எண் சொல்லுங்கள்.'

ஒன்று, என்றேன். மெதுவாகத்தான் குத்தினார். முழங்கை வரை ஏறியது. இரண்டு என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.