மணல்மணி சொல்லும் மலையின் கதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் பள்ளத்தாக்கின் இருபுறமும் செங்குத்தான மணற்பாறைச் சுவர்கள் நிற்கின்றன. நவஹோ மணற்பாறை என்பது இதன் பெயர். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும் பாலைவனம் ஒன்று பரந்து கிடந்தது. காற்று குவித்த மணற்குன்றுகளே பின்னர் இறுகிப் பாறையாயின. சில இடங்களில் இதன் கனம் 600 மீட்டருக்கும் மேல். இத்தனை மணல் எங்கிருந்து வந்தது?

பாறையில் காணும் சாய்வான அடுக்குகளைக் கொண்டு, அக்காலத்தில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசியது என்று அறிஞர்கள் கணித்தனர். ஆனால் அந்த மணல் முதலில் எந்த மலையிலிருந்து பிறந்தது என்பதைக் காற்றின் திசை சொல்லாது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் மணிகளும் ஒன்றைப் போல் ஒன்று இருப்பவை.

விடை சொன்னது சிர்கான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களுள் இதுவும் ஒன்று. பாறைக்குழம்பு குளிரும்போது படிகமாகும் சிர்கான், சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். காரீயத்தையோ அநேகமாக ஏற்பதே இல்லை. எனவே பின்னாளில் அதனுள் காணும் காரீயம், யுரேனியம் சிதைந்து உண்டானதே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் கணக்கை நம்பலாம். தாய்ப்பாறை சிதைந்து, ஆற்றில் உருண்டு வந்தாலும் சிர்கான் எளிதில் அழிவதில்லை.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு வயது

யுரேனியத்தையும் காரீயத்தையும் அளந்து பாறையின் வயதைக் காணும் வழியை 1907இல் போல்ட்வுட்டும் 1911இல் ஆர்தர் ஹோம்ஸும் காட்டினர். ஆயினும் பல மலைகளின் மணிகள் கலந்த மணலை மொத்தமாக அளந்தால் பொருளற்ற சராசரிதான் கிடைக்கும். ஒவ்வொரு மணியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வில்லியம் காம்ப்ஸ்டன் குழுவினர் அமைத்த அயனிக்கற்றைக் கருவி இதற்கு வழி திறந்தது. மேற்கு ஆஸ்திரேலிய மணற்பாறையில் 410 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிர்கான் மணிகள் இருப்பதை 1983இல் அது காட்டியது. பின்னர் லேசர் கருவிகள் வந்து, நூற்றுக்கணக்கான மணிகளை விரைவாக அளக்க முடிந்தது.

கண்டத்தைக் கடந்த மணல்

2003இல் டிக்கின்சன், கெரல்ஸ் என்ற அறிஞர்கள் இப்பகுதியின் பாலைவன மணற்பாறைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அருகிலுள்ள பழம்பாறைகளின் வயது பெரும்பாலும் 140 முதல் 180 கோடி ஆண்டுகள். ஆனால் மணிகளில் ஏறத்தாழப் பாதி, கண்டத்தின் கிழக்கோரத்தில் உள்ள அப்பலாச்சியன் மலைத்தொடரின் பாறைகளோடு வயதில் ஒத்திருந்தன. இடையே உள்ள தொலைவு 2,000 கிலோமீட்டருக்கும் மேல்!

அதே ஆண்டு ஜெஃப்ரி ரால் குழுவினர் மற்றொரு சான்றைத் தந்தனர். யுரேனியம் சிதையும்போது ஹீலியமும் பிறக்கிறது. சூடான படிகத்திலிருந்து அது கசிந்துவிடும். சுமார் 180 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தபின்தான் உள்ளே தங்கும். ஆகவே ஹீலியம் காட்டுவது, மலை உயர்ந்து, மேற்பாறை அரிக்கப்பட்டு, ஆழத்திலிருந்த பாறை மேலே வந்து குளிர்ந்த காலத்தை. நவஹோ மணிகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்து, 50 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்தவை. அப்பலாச்சியன் மலைகள் எழுந்த காலமும் அதுவே.

இன்று ஆண்டிஸ் மலையின் மண்ணை அமேசான் ஆறு அட்லாண்டிக் கடல்வரை கொண்டு செல்வதுபோல, அன்று கண்டத்தைக் குறுக்கே கடந்த ஆறுகள் மணலை மேற்கே கொண்டு சேர்த்தன. அங்கிருந்து காற்று அதைத் தெற்கே குவித்தது என்பது இவர்களின் விளக்கம். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. மணி பிறந்த இடத்தைத்தான் சிர்கான் சொல்லும்; நேரே வந்ததா, வழியில் வேறொரு மணற்பாறையில் தங்கி வந்ததா என்பதைச் சொல்லாது.

அப்பலாச்சியனின் மிக உயர்ந்த சிகரமான மிச்செல் இன்று 2,037 மீட்டர்தான். அம்மலை தேய்ந்து இழந்த பாறையின் ஒரு பங்கு, கண்டத்தின் மறுபுறம் சயானின் சுவர்களாக நிற்கிறது.