போலி மாணிக்கம் என்றொரு பழி: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு சிவப்புக் கல்

தில்லியில் என்னுடன் ஆய்வு செய்யும் ஹைதராபாத் தோழி ஒருவருக்குச் சென்ற மாதம் திருமணம் நிச்சயிக்கப்பட்டது. வைரம் வேண்டாம், பாட்டி விட்டுச்சென்ற சிவப்புக் கல்லையே மோதிரத்தில் பதிப்போம் என்பது அவர் விருப்பம். மூன்று தலைமுறைகளாக அந்தக் கல்லை அவர்கள் வீட்டில் 'லால்' என்றுதான் அழைத்து வந்திருக்கிறார்கள். கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்தது: இயற்கையான ஸ்பினல், வெப்பமூட்டிய தடயம் ஏதுமில்லை. கடைக்காரர் அறிக்கையைப் படித்துவிட்டு, "இது மாணிக்கம் இல்லையம்மா, மாணிக்கத்தின் போலி" என்று சொல்லிவிட்டார். தோழியின் தாயார் அன்று இரவு உணவு கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதே அவருடைய கவலை. முகலாயர் கால ஆவணங்களில் உழல்பவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கனிமவியல், சுருக்கமாக. மாணிக்கம் என்பது அலுமினிய ஆக்சைடு. ஸ்பினல் என்பது மக்னீசிய அலுமினிய ஆக்சைடு. இரண்டிலும் சிவப்பு நிறத்தைத் தருவது பெரும்பாலும் குரோமியமே. பர்மாவின் மோகோக் பகுதியில் இரண்டும் ஒரே சரளைப் படிவில் கிடைப்பதுண்டு. வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாததற்குக் காரணம் இவைதான். ஆனால் மாணிக்கம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினல் பிரிக்காது. அளவு ஒன்றாக இருந்தாலும் ஸ்பினல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. ஆக, ஒன்று மற்றொன்றன்று என்பதில் கடைக்காரர் சொன்னது சரி. 'போலி' என்ற சொல்லில்தான் வரலாறு தலைகீழாகிறது.

போலி என்றால் யாரோ யாரையோ ஏமாற்றியிருக்க வேண்டும். நம் நாட்டு, பாரசீக மரபுகளில் அப்படி ஏமாந்தவர் யார்? பதினோராம் நூற்றாண்டில் கஜினியில் இருந்து எழுதிய அல்பிரூனி, மணிகளைப் பற்றிய தம் நூலில் யாகூத் எனப்படும் குருந்த வகையையும் லாலையும் தனித்தனியே எடைபோட்டு, லால் இலேசானது என்று பதிந்துவிட்டார். 1315இல் அலாவுதீன் கில்ஜியின் தில்லியில் இருந்த தக்குர பேரு, 'ரயணபரிக்கா' என்ற தம் பிராகிருத நூலில் நவமணிகளில் ஒன்றாக மாணிக்கத்தை வைத்தார். லாலை அதனோடு சேர்க்கவில்லை. அக்கீக், பிரோஜா ஆகியவற்றோடு பாரசீக மணிகள் என்ற தனி வரிசையில் அதற்கு இடம் கொடுத்தார். கருவூலத்தோடு பழகிய சமண அறிஞர் அவர். கையில் எடுத்துப் பார்த்த கற்களைப் பற்றியே எழுதினார். இருவேறு கற்கள், இருவேறு பெயர்கள். குழப்பத்துக்கே இடமில்லை.

அக்பர் காலத்து 'ஆயினே அக்பரி' இன்னும் தெளிவு. மணிக் கருவூலத்தைப் பற்றிய பகுதியில் அபுல் பசல் முதலில் பேசுவது லாலைப் பற்றித்தான். அதைப் பன்னிரண்டு தரங்களாகப் பிரித்து, முதல் தரத்துக்கு 1000 முகருக்குக் குறையாத மதிப்பு என்கிறார். வைரம், மரகதம், சிவப்பும் நீலமுமான யாகூத் ஆகியவை அடுத்த பட்டியல். அங்கே முதல் தரம் 30 முகரில் தொடங்குகிறது. இந்த எல்லைகளை மட்டும் வைத்து, லால் எப்போதும் மாணிக்கத்தைவிட விலை கூடியது என்று முடிவு கட்டக்கூடாது. பெரிய அளவில் மாசற்ற லால் கிடைத்தது, அதே அளவில் மாணிக்கம் அரிது என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் அரசனின் கருவூலத்தில் எது முதலில் எண்ணப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1873இல் பிளாக்மன் இந்நூலை ஆங்கிலமாக்கியபோது லாலை 'ரூபி' என்றே பெயர்த்தார். நம் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த மொழிபெயர்ப்பின் வழியாகவே முகலாயக் கருவூலத்துக்குள் நுழைகிறார்கள். அந்த ஒரு சொல்லில் லால் காணாமற்போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று தவெர்னியே சொல்லும் கதை. பிரெஞ்சு மணி வணிகரான அவர் 1665இல் ஔரங்கசீப்பின் அவையில் மணிகளைப் பார்த்தவர். பாதுஷாவின் உறவினரான ஜாபர் கான் ஒரு சிவப்புக் கல்லை 95,000 ரூபாய்க்கு வாங்கிப் பாதுஷாவுக்குக் காணிக்கையாக வைத்தாராம். முன்னாள் அரசவை மணிநோக்குநர் ஒருவர், முதியவர், அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது உண்மையான லால் அன்று, 500 ரூபாய்க்கு மேல் பெறாது என்றார். வழக்கு முற்றியது. கடைசியில் கல் ஆக்ரா கோட்டைக்குப் போனது. அங்கே மகனால் சிறைவைக்கப்பட்டிருந்த ஷாஜஹானைவிட மணி அறிந்தவர் எவருமில்லை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டது. அவரும் பார்த்துவிட்டு முதியவர் சொன்னதே சரி என்றார். சிறைப்பட்ட தந்தையிடம் மகன் கேட்டனுப்பிய கேள்வி இது என்பதை நினைத்தால் கதைக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. நம் விவாதத்துக்கு வேண்டியது ஒன்றே: அந்த அவையில் எழுந்த குற்றச்சாட்டு 'இது லால்தான், மாணிக்கமில்லை' என்பதன்று, 'இது லால் இல்லை' என்பதே. அளவுகோலாக நின்றது லால்.

அந்த லால் வந்த இடம் பதக்ஷான். இன்றைய தஜிகிஸ்தானில், பஞ்ச் ஆற்றையொட்டிய கூஹி லால் மலைச் சுரங்கங்கள். பதக்ஷான் என்ற ஊர்ப்பெயரே சிதைந்து ஐரோப்பிய மொழிகளில் 'பலாஸ்' ஆகி, 'பலாஸ் ரூபி' என்ற தொடர் பிறந்தது. முகலாயர் இக்கற்களைப் பட்டை தீட்டுவதில்லை. இயற்கை உருவத்தைத் தழுவி மெருகிட்டு, துளையிட்டு, மாலையாகக் கோத்தார்கள்; சிறந்தவற்றில் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்தார்கள். குவைத்தின் அல்சபா தொகுப்பில் உள்ள ஏறத்தாழ 249 காரட் லாலில் தைமூரின் பேரன் உலுக் பேக், பாரசீகத்து ஷா அப்பாஸ், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப், அஹமது ஷா துர்ரானி என ஆறு பெயர்கள் உள்ளன. ஒரு கல்லே ஆவணக் காப்பகமாகிவிட்டது. 1849இல் லாகூர் கருவூலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்து, 1851இல் விக்டோரியா அரசிக்குக் கொடுத்த 'தைமூர் ரூபி' இதன் உடன்பிறப்பு. சூசன் ஸ்ட்ராங் 1996இல் எழுதிய கட்டுரையில் காட்டியபடி அதற்கும் தைமூருக்கும் தொடர்பில்லை. அது ரூபியுமன்று, 352 காரட் ஸ்பினல். பெயரின் இரண்டு சொற்களும் பிழை!

ஆக, குழம்பியது ஐரோப்பா. இங்கிலாந்தின் அரச முடியில் முன்புறம் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் ரூபி'யும் ஸ்பினலே. ஸ்பினல் தனிக் கனிமம் என்று ரொமே தெ லில் பிரித்துக் காட்டியது 1783இல். அல்பிரூனிக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு அதிகமாகப் பின்னால். மாணிக்கமும் நீலமும் ஒரே இனம் என்று பூர்னோன் 1802இல் நிறுவினார். அந்த இனத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் 'குருந்த'த்திலிருந்து போனது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. பகுப்பு தெளிவானதும் ஐரோப்பியச் சந்தை தன் பழைய பிழைக்கான பழியைக் கல்லின் மேல் போட்டது. தான் ஏமாந்ததால் கல்லை ஏமாற்றுக்காரன் என்றது. இருபதாம் நூற்றாண்டில் உலையில் வளர்த்த செயற்கை ஸ்பினல் பிற மணிகளுக்கு மலிவான மாற்றாகக் குவிந்தபோது, மிச்சமிருந்த மதிப்பும் போயிற்று. 2016இல் அமெரிக்க நகை வணிகர் அமைப்புகள் ஆகஸ்டு மாதப் பிறப்புக்கல்லாக ஸ்பினலைச் சேர்த்த பிறகு விலை பற்றிய பேச்சு மாறியிருக்கிறது. அதை ஒரு சான்றாக நான் கொள்ளவில்லை. வணிகர் தரும் பட்டம் வணிகத்துக்கே.

மோதிரத்துக்கு ஆகுமா என்று தோழி நேராகக் கேட்டார். ஆகும். மோஸ் அளவில் அதன் கடினம் 8, மாணிக்கம் 9. அன்றாடம் அணியும் கைக்கு இது போதும். பிளவு எளிதில் ஏற்படாது. மரகதம் இதைவிடப் பலமடங்கு கவனம் கேட்கும். அதன் உள்விரிசல்களை எண்ணெய் கொண்டு மறைப்பது வழக்கம். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாணிக்கங்களில் ஈயக் கண்ணாடி நிரப்பியவை ஏராளம். 'போலி' என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அவற்றுக்குக் கொடுக்கலாம். சோதிடம் கேட்ட அத்தைக்கும் ஒரு பதில் கிடைத்தது: நவமணி வரிசையில் லால் இல்லாததால் எந்தக் கோளும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. நீலத்தைக் கண்டு சனிக்கு அஞ்சுவதுபோல இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அத்தை சமாதானமானார் என்றே கேள்வி.

எஞ்சியது ஒரு சிக்கல். பாட்டியின் கல்லில் ஓரத்தில் ஒரு துளை இருக்கிறது. என்றோ மாலையில் கோத்த மணி. துளை போகும்படி மறுபட்டை தீட்டினால் பளிச்சென்று ஆகும், எடை மட்டும் கொஞ்சம் குறையும் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று நான் மன்றாடினேன். அக்கல் மோதிரத்துக்காகப் பிறந்ததன்று என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் உள்ள ஒரே ஆவணம் அந்தத் துளைதான். கறுப்பு இளவரசரின் கல்லிலும் இப்படியொரு துளை உண்டு. அதைச் சிறு மாணிக்கம் ஒன்றால் அடைத்து வைத்திருக்கிறார்கள். தோழி அதன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பொற்கொல்லரிடம் சொன்னார்: துளை துளையாகவே இருக்கட்டும், மேலே எதையும் பதிக்க வேண்டாம். சம்பந்தி வீட்டாருக்கு அனுப்பும் தட்டில் பரிசோதனை அறிக்கையும் வைக்கப்படுகிறது. அதன் பின்புறத்தில் தாயார் தம் கையால் உருதுவில் எழுதியிருக்கிறார்: லால்.