ரக்ஷைக் கயிறும் ராஜதண்டனையும்

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமை வந்த நம் முன்னோர், மாடசாமியையும் முனியாண்டியையும் லயத்தருகே மரநிழலிற் பிரதிஷ்டை செய்து, விபூதி மந்திரித்துப் பூசுவதையும் கறுப்புக் கயிறு கட்டுவதையும் உயிர்காக்கும் ரக்ஷையாகவே போற்றி வாழ்ந்தனர்.

1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஸ்தாபிதமான பின், காலக்கிரமத்தில் நுவரெலியா, ஹட்டன் பிரதேசத்துப் பெண்களும், இந்நம்பிக்கையைக் கைவிடாமலே, வறுமையின் நிர்ப்பந்தத்தால் வீட்டுப் பணிக்காக அரபு நாடுகளுக்குப் பிரயாணமாயினர். அவற்றுள் சவூதி அரேபியாவிலோ, சூனியம் மரண தண்டனைக்குரிய மகாபாதகம். ஆயினும் சூனியம் இன்னதென வரையறுக்கும் எழுத்துச் சட்டமின்றி, நீதிபதியின் அபிப்பிராயமே பிரமாணமாக நின்றது. 2007-இல் எகிப்தியர் ஒருவரும், 2011-இல் சூடானியர் ஒருவரும் இக்குற்றத்தின் பேரிற் சிரச்சேதம் செய்யப்பட்டனர்; 2012-இல் ஜித்தா நகரக் கடைத்தொகுதியொன்றில், சிறுமி ஒருத்திக்கு மாந்திரீகம் செய்தாளென்ற புகாரின் மீது இலங்கைப் பெண்ணொருத்தி கைதானாள்.

சம்பளம் கேட்டவளையும், கொடுமை தாளாது முறையிட்டவளையும் எஜமானர் இக்குற்றச்சாட்டினால் வாயடைக்கச் செய்ய இயலுமென்பதே இதன் பேரபாயம். இத்தகைய எதிர்க்குற்றச்சாட்டுகளை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை விவரித்துள்ளது. ஆகவே, தாய் கட்டிய கயிறு அந்நிய மண்ணிற் சூனியத்துக்குச் சாட்சியப் பொருளாகக் கூடுமென்பதைப் பயணத்துக்கு முந்திய பயிற்சியிலேயே எடுத்துரைப்பதும், குற்றஞ்சாட்டப்பட்டவளுக்குத் தமிழறிந்த மொழிபெயர்ப்பாளரையும் வழக்கறிஞரையும் தாமதமின்றி அளிப்பதும், அவள் அனுப்பும் பணத்தால் பயனடையும் அரசாங்கத்தின் தவிர்க்கவொண்ணாத கடமையாகும்.