அரங்கும் அலரும்

பலர் ஓரிடத்துக் கூடும்பொழுது சொல் விரைந்து பரவும் என்பது எந்நாட்டினர்க்கும் பொதுவாய அனுபவமாகும். பண்டைத் தமிழர் அகப்பொருளை வகுத்தவிடத்து இதன் நிலைகளை நுணுகி நோக்கிச் சிலர் தம்முள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியத் தூற்றுவதை அலர் என்றும் வேறுபடுத்தினர். அரும்பும் மலரும் போன்றவை அவை என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். விளையாட்டரங்குகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பாகுபாடு பெரிதும் பயன்படும். ஏனெனில், அரங்கிலே பிறந்த பொய்கள் பலவற்றுள்ளும் நெடுங்காலம் நின்று நிலைத்தவை கூட்டத்தினர் தம்முட் பேசிக்கொண்டவை அல்ல. கூட்டத்தினரைக் குறித்துப் பிறர் பேசியவையே.

அரங்கும் வதந்தியும் கொண்ட தொடர்பு மிகப் பழையது. கி.பி. 532 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே கொன்ஸ்தாந்திநோபிள் நகரத் தேரோட்ட அரங்கில் நீலர், பச்சையர் என்னும் இரு கட்சி ஆதரவாளரும் தம் பகை மறந்து ஒன்றுகூடிப் பேரரசன் யஸ்டினியனுக்கு எதிராகக் கிளர்ந்தனர். ஹைப்பேசியஸ் என்பானை அரசனாக்கி அரங்கிற்குக் கொண்டுவந்தனர். அவ்வேளை, யஸ்டினியன் நகரைவிட்டு ஓடிவிட்டான் என்னும் செய்தி அவனுக்கு எட்டியது. அரசன் ஓட எண்ணியது மெய்யே. அரசி தியோடோரா தடுத்தமையால் அவன் ஓடவில்லை. செய்தியை நம்பிய கூட்டம் அரங்கைவிட்டு அகலாதிருக்க, பெலிசாரியஸ் முதலிய தளபதிகள் படையொடு புகுந்தனர். மாண்டோர் 30,000 பேருக்கு மேற்பட்டோர் என்பர் அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ். பாதி உண்மையான வதந்தி முழுப்பொய்யினும் கொடியது என்பதற்கு இஃதொரு சான்று. ஆயினும், இங்கே மாண்டோர் வதந்தியை நம்பியோராவர். இருபதாம் நூற்றாண்டின் உதைபந்தாட்ட அரங்குகளிலோ, மாண்டோர்மீதே கதை கட்டப்பட்டது.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஐபுறொக்ஸ் அரங்கு இதற்கு முதலெடுத்துக்காட்டு. 1971 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆந் திகதி றேஞ்சர்ஸ், செல்ற்றிக் என்னும் இருபெரும் பகைக் கழகங்கள் அங்கு மோதின. 80,000 அளவினர் கூடியிருந்தனர். ஆட்டம் முடியுந் தறுவாயிற் செல்ற்றிக் கழகத்தின் ஜிம்மி ஜோன்ஸ்ரன் ஒரு கோல் அடித்தார். தோல்வி உறுதியென எண்ணி றேஞ்சர்ஸ் ஆதரவாளர் பலர் வெளியேறத் தொடங்கினர். ஆனால் இறுதிக் கணங்களிலே கொலின் ஸ்ரைன் மறு கோல் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். சற்றுப்பின் பதின்மூன்றாம் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மூச்சுத்திணறி மாண்டனர். அவருட் பலர் இளைஞரும் சிறுவருமாவர்.

அன்றிரவே ஒரு விளக்கம் பிறந்துவிட்டது. ஆரவாரங் கேட்டு, இறங்கியவர்கள் கோலைக் காணும் ஆவலால் மீண்டும் மேலேறினர். இறங்குவோரும் ஏறுவோரும் மோதினர். அதனால் விபத்து நேர்ந்தது என்பது அக்கதை. இதனைப் பலர் ஐயுறாது ஏற்றனர். ஏற்றமைக்குக் காரணமும் உண்டு. ஒரு கோல், ஓர் ஆரவாரம், ஆவலால் திரும்பிய கால்கள், அதன் விளைவாகச் சாவு என்று கூத்துக்குரிய அமைப்பு அக்கதையில் இருந்தது. ஊழின் கொடுமை என்று சொல்லி அமைதற்கும் அஃது இடந்தந்தது.

ஆனால், விபத்துப்பற்றி நிகழ்ந்த விசாரணை இக்கதையை ஏற்கவில்லை. ஆட்டம் முடிந்து நடுவர் ஊதிய பின்னரே நெரிசல் ஏற்பட்டது. அப்பொழுது படிக்கட்டில் நின்றோர் அனைவரும் ஒரே திசையில், கீழ்நோக்கியே சென்றுகொண்டிருந்தனர். செங்குத்தான அப்படிகளில் யாரோ ஒருவர் அல்லது சிலர் இடறி வீழ, பின்னின்று தள்ளும் கூட்டத்தின் பாரம் அவர்கள்மேற் சரிந்தது. இரு மருங்கும் பலமான தடுப்புகள் இருந்தமையால் ஒதுங்கவும் வழியில்லை.

இவ்விடத்து நோக்கற்பாலது பிறிதொன்று. அதே படிக்கட்டில் 1961 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நெரிசலால் இருவர் இறந்திருந்தனர். 1967 இலும் 1969 இலும் பலர் காயமுற்றனர். பத்தாண்டிற்குள் மும்முறை எச்சரிக்கை தந்த படிக்கட்டு அது. ஸ்ரைனின் கோலைக் காரணமாக்கும் கதையோ இம்மூன்றையும் மறைத்துவிடுகின்றது. கோல் அடிக்கப்படாதிருந்தால் எவரும் இறந்திரார் என்னும் எண்ணத்தை விதைக்கின்றது. 1974 இல், இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கிலே நீதிபதி கழகத்தின் கவனக்குறைவை உறுதிசெய்து தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது, ஆயினும் கதை மறையவில்லை. அதன்பின் பல்லாண்டு கழிந்தும் ஆதரவாளரே அதனை ஒருவர்க்கொருவர் சொல்லிவந்தனர். இதிற் சூழ்ச்சி யாதும் இருந்ததாகக் கொள்ளவேண்டுவதில்லை. துயருற்றோர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதை அது.

ஹில்ஸ்பறோ அரங்கிற் பிறந்த கதை அத்தகையதன்று. 1989 ஏப்பிரல் 15 ஆந் திகதி, சனிக்கிழமை, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் லிவர்பூல் கழகத்திற்கும் நொட்டிங்ஹம் பொறெஸ்ற் கழகத்திற்கும் இடையே சங்கக் கிண்ண அரையிறுதி ஆட்டம் நிகழவிருந்தது. லெப்பிங்ஸ் லேன் புறத்திலே நின்று பார்க்கும் பகுதிக்கு நுழைவுச் சீட்டுப்பெற்ற லிவர்பூல் ஆதரவாளர் 10,000 பேருக்கு மேற்பட்டோர். அவர்க்கென அமைந்த சுழல்வாயில்கள் ஏழே. ஆட்டந் தொடங்கும் நேரம் நெருங்க வெளியே நெரிசல் முற்றியது. பிற்பகல் 2.52 மணிக்குப் பொலிஸ் தலைமை அதிகாரி டேவிட் டக்கென்பீல்ட் 'சி' எனக் குறிக்கப்பட்ட வெளிச்செல்லும் வாயிலைத் திறக்குமாறு பணித்தார். ஏறத்தாழ 2,000 பேர் உட்புகுந்தனர். அவர்க்கெதிரே தோன்றியது நடு அடைப்புகளுக்குச் செல்லும் சுரங்கவழி. அவ்வடைப்புகள் ஏலவே நிரம்பியிருந்தன. சுரங்கவழியை மூடிக் கூட்டத்தைப் பக்க அடைப்புகளுக்குத் திருப்ப எவரும் நிற்கவில்லை. முன்னே உயர்ந்த கம்பிவேலி. பின்னே வருவோரின் தள்ளுகை. ஆட்டந் தொடங்கி ஆறு நிமிடத்திற்குள் நிறுத்தப்பட்டது.

மக்கள் மூச்சிழந்து கிடந்த அவ்வேளையிலேயே பொய் பிறந்தது. லிவர்பூல் ஆதரவாளர் வாயிலை வலிந்து திறந்து புகுந்தனர் என உதைபந்தாட்டச் சங்கத்தின் நிறைவேற்றதிகாரி கிரஹம் கெலியிடம் டக்கென்பீல்ட் கூறினார். வாயிலைத் திறக்கப் பணித்தவர் அவரே. கேட்டவர் அதனைச் செய்தியாளரிடம் உரைத்தார். அன்று மாலைக்குள் வானொலியும் தொலைக்காட்சியும் அதனை உலகெங்கும் பரப்பின. அம்பல் அலராவதற்கு ஒரு மணி நேரமும் வேண்டப்படவில்லை.

நான்காம் நாள், ஏப்பிரல் 19 இல், 'சண்' பத்திரிகை 'உண்மை' என்னும் பெருந்தலைப்பிட்டு முதற்பக்கத்திற் குற்றச்சாட்டுகளை அச்சிட்டது. ஆதரவாளர் பிணங்களிற் பணங் களவாடினர், காப்பாற்ற முயன்ற பொலிசாரைத் தாக்கினர், அவர்மேற் சிறுநீர் கழித்தனர் என்பன அவை. ஷெபீல்டிலுள்ள செய்தி நிறுவனமொன்று பொலிசாரிடமும் உள்ளூர்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமும் கேட்டுத் தொகுத்தவற்றிலிருந்தே இவை எழுந்தன என்பது பின்னர் ஆவணங்களால் வெளிப்பட்டது. லிவர்பூல் நகர மக்கள் அப்பத்திரிகையை வாங்க மறுத்தனர். அம்மறுப்பு மூன்று பத்தாண்டு கடந்தும் நீடித்தது. இறந்தோர்மேற் குடிவெறியர் என்னும் பழி விழுந்தமைக்கு மரணவிசாரணை அதிகாரியின் நடவடிக்கையும் துணைநின்றது. சிறுவர் உட்பட மாண்டோர் அனைவரின் குருதியிலும் மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. அவருள் மிக இளையவனின் வயது பத்து.

இங்கே வரலாற்று மாணவர் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உண்மை நெடுங்காலம் மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்டது என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. மேன்முறையீட்டு நீதியரசர் பீற்றர் ரெயிலர் 1989 ஓகஸ்ற் மாதத்திலேயே, விபத்து நிகழ்ந்து நான்கு மாதங்களுக்குள், தம் இடைக்கால அறிக்கையில் விபத்தின் முதன்மைக் காரணம் பொலிஸ் கட்டுப்பாட்டின் தோல்வியே எனத் தெளிவுபட எழுதிவிட்டார். வாயில் வலிந்து திறக்கப்பட்டது என்பதும் பொய்யென உரைத்தார். அவ்வறிக்கை எவரும் வாங்கிப் படிக்கக் கிடந்தது. அவ்வாறிருந்தும் அதன்பின்னரும் இருபதாண்டுக்கு மேலாகப் பலர் முதற்பொய்யையே நம்பினர். அறிக்கை பல பக்கங்கொண்ட நூல். பொய்யோ ஒரு வாக்கியம். தவிரவும், 1985 இலே பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் ஆதரவாளர் பாய்ந்தமையால் 39 பேர் மாண்ட நிகழ்ச்சி மக்கள் மனத்தில் மறையாதிருந்தது. முன்னொருநாள் குற்றஞ் செய்தோர் இன்றும் செய்திருப்பர் என்று எண்ணுதல் எளிது.

1991 இல் யூரிமார் தற்செயல் மரணம் எனத் தீர்த்தனர். அன்று பிற்பகல் 3.15 மணிக்குப்பின் நிகழ்ந்தவற்றை விசாரிக்க மரணவிசாரணை அதிகாரி இடந்தரவில்லை. அந்நேரத்திற்குள் எல்லோரும் உயிர்தப்ப இயலாத நிலையை அடைந்துவிட்டனர் என்பது அவர் கொள்கை. இறந்தோரின் குடும்பத்தார் இதனை ஒருபோதும் ஏற்கவில்லை. அவர்தம் இடையறா முயற்சியின் பயனாய், லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் அமைந்த சுயாதீனக் குழு 450,000 பக்க ஆவணங்களை ஆராய்ந்து 2012 செப்ரெம்பர் 12 ஆந் திகதி தன் அறிக்கையை வெளியிட்டது. பொலிசார் எழுதிய வாக்குமூலங்களுள் 164 திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116 இலே பொலிஸ் நிருவாகத்திற்குப் பாதகமான கூற்றுகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. தக்க சிகிச்சை உரிய காலத்திற் கிடைத்திருப்பின் 41 பேர் உயிர்பிழைத்திருக்கக்கூடும் என்பதும் வெளிப்பட்டது. பிரதம மந்திரி டேவிட் கமரன் அன்றே பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். முதல் தீர்ப்பு நீக்கப்பட்டது. இரண்டாண்டு நடந்த புதிய விசாரணையிலே, 2015 இல், டக்கென்பீல்ட் தாம் கூறியது பொய்யென ஏற்றார். 2016 ஏப்பிரல் 26 இல் யூரிமார், இறந்தோர் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் எனவும், ஆதரவாளரின் நடத்தை விபத்திற்குக் காரணமாகவில்லை எனவும் தீர்த்தனர். முதல் நாட்பொய்க்கும் இத்தீர்ப்பிற்கும் இடைப்பட்ட காலம் 27 ஆண்டு. அதற்குள் பெற்றோர் பலர் இறந்துவிட்டனர். அன்று பெற்ற காயத்தின் விளைவால் 2021 இல் ஒருவர் உயிர்நீக்க, மாண்டோர் தொகை 97 ஆயிற்று.

குற்றவியல் நீதிமன்றத்தில் விளைவு வேறு. 2019 இல் டக்கென்பீல்ட் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். வாக்குமூலங்களைத் திருத்தியமை பற்றிய வழக்கும் 2021 இல் முறிந்தது. ரெயிலர் நடத்திய விசாரணை நீதிமன்ற நடவடிக்கையன்று. ஆகவே அதற்கென எழுதப்பட்டவற்றை மாற்றியமை பொதுநீதியைத் திரித்த குற்றமாகாது என நீதிபதி கொண்டமையே காரணம். சட்டநுணுக்கம் அறிந்தோர்க்கு இது பொருந்தலாம், குடும்பத்தார்க்குப் பொருந்தவில்லை. அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையுரைக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவராதல் வேண்டும் என்னும் அவர்தம் கோரிக்கை, 2025 செப்ரெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின்முன் சட்டமூலமாக வந்தது.

இவ்வளவு நிகழ்ந்த பின்னரும் அதே கழகத்தின் ஆதரவாளர் அதே பழியை மீண்டும் சுமந்தனர். 2022 மே 28 இல் பாரிஸ் நகர்ப்புறத்து ஸ்ராட் டி பிரான்ஸ் அரங்கில் லிவர்பூல், றியல் மட்றிட் கழகங்களின் இறுதியாட்டம் அரைமணி நேரத்துக்கு மேலாகப் பிந்தியது. ஆதரவாளர் பிந்தி வந்தமையே காரணம் என அரங்கின் திரையில் அறிவிக்கப்பட்டது. அவர்களோ பல மணி நேரமாக வாயில்களில் நெரிந்து, கண்ணீர்ப்புகைக்கும் இலக்காகி நின்றனர். சீட்டின்றியோ போலிச் சீட்டுடனோ வந்த ஆங்கிலேயர் 30,000 முதல் 40,000 வரை என்று பிரெஞ்சு உள்நாட்டமைச்சர் கூறினார். 2023 பெப்ரவரியில் வெளிவந்த சுயாதீன ஆய்வறிக்கை ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தையே முதற்பொறுப்பாளியாகக் கண்டது. ஆயினும் காலம் மாறியிருந்தது. நெரிசலில் நின்றோர் தம் கைத்தொலைபேசிகளிற் படம்பிடித்து இணையத்தில் உடனுக்குடன் வெளியிட்டனர். அமைச்சரின் எண்ணிக்கை மறுநாளே ஐயத்திற்குள்ளாயிற்று. 1989 இல் அத்தகைய கருவி எவர் கையிலும் இல்லை.

அதே கருவி பொய்யையும் அவ்வேகத்திலேயே சுமக்கும் என்பது 2024 இலே தெளிவாயிற்று. ஜூலை 29 இல் லிவர்பூலுக்கு அண்மைய சவுத்போர்ட் நகரிலே சிறுமியர் மூவர் கொல்லப்பட்டபொழுது, கொலையாளி புகலிடந் தேடி வந்தவன் என்று பொய்ப்பெயரொன்று இணையத்திற் பரவ, இங்கிலாந்தின் பல நகரங்களிற் கலகம் மூண்டது. பத்து மாதங்களின் பின், 2025 மே 26 இல், லிவர்பூல் கழகத்தின் வெற்றியூர்வலத்தைக் கண்டு திரும்பிய ஆதரவாளர் கூட்டத்தினுள் மோட்டார் வண்டியொன்று பாய்ந்து பலர் காயமுற்றனர். பயங்கரவாதச் செயல் என்னும் பேச்சு இணையத்தில் உடனே எழுந்தது. பொலிசார் வழமைக்கு மாறாக அன்று மாலையே, கைதானவர் 53 வயதுடைய வெள்ளையினப் பிரித்தானியர் என அறிவித்தனர். கலகம் எதுவும் மூளவில்லை.