புத்தகத்துக்கு வரைந்தது, சுவரொட்டிக்குப் போனது: ஃபியூச்சுராவின் தடித்த எழுத்து

ஃபியூச்சுரா எழுத்துருவை வரைந்த பவுல் ரென்னர் (1878–1956) விளம்பரக்காரர் அல்லர். மியூனிக்கில் கியோர்க் முல்லர் பதிப்பகத்துக்கு நூல்களை வடிவமைத்துத் தேர்ந்தவர். நாள் முழுதும் படித்தாலும் கண் சலிக்காத எழுத்தே அவர் நோக்கம். ஆனால் உலகம் அவருடைய படைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அதன் தடித்த வடிவங்களைத்தான். இதை வெறும் நாகரிக மாற்றமாகப் பார்க்க முடியாது. கனம் கூடியபோது எழுத்தின் அமைப்பே மாறியது. அந்த மாற்றம்தான் அதைத் தலைப்புக்கு உரியதாக்கியது என்று காட்ட இக்கட்டுரை முயல்கிறது.

கோட்டு முனைகளில் குறுக்குக் கட்டை இல்லாத சான்ஸ்-செரிஃப் எழுத்து ரென்னருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1816இல் லண்டனின் எழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் கேஸ்லன் தம் மாதிரிப் புத்தகத்தில் பெரிய எழுத்துகள் மட்டும் கொண்ட ஒன்றை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இவ்வகை எழுத்துக்குச் சுவரொட்டியிலும் கடைப்பலகையிலும்தான் வேலை. நூலுக்குள் அது பெரும்பாலும் நுழையவில்லை. எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்த எழுத்து அதற்கு ஒரு கண்ணியம் தேடித் தந்தது.

1924இல் பதிப்பாளர் யாக்கோப் ஹெக்னர் புதுக் காலத்துக்கேற்ற எழுத்து வேண்டும் என்று தூண்ட, ரென்னர் வரையத் தொடங்கினார். பெரிய எழுத்துகளுக்கு ரோமானியக் கல்வெட்டு எழுத்துகளின் அகல விகிதத்தை எடுத்துக்கொண்டார். அதனால்தான் E, F, L ஒடுங்கியும் O அகன்றும் நிற்கின்றன. சின்ன எழுத்துகளில்தான் துணிச்சல் காட்டினார். நேர்கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் ஒரு புள்ளி, அதுதான் r! இத்தகைய சோதனை வடிவங்களில் பெரும்பாலானவை பிராங்க்ஃபர்ட்டின் பாயர் எழுத்து வார்ப்பகத்தில் கழிந்துபோயின. 1927இல் எழுத்து விற்பனைக்கு வந்தது. அதே பத்தாண்டில் வந்த எர்பார், காபெல் என்ற எழுத்துருக்களும் வட்டத்தையும் நேர்கோட்டையும் நம்பியவையே.

தடித்த வடிவத்தில்தான் வடிவக்கணிதம் முதலில் தடுமாறியது. மெல்லிய கோட்டில் o-வை ஏறக்குறைய வட்டமாகவே விட்டுவிடலாம். கோடு தடித்தால் எழுத்துக்குள் இருக்கும் உள்வெளி அடைபடும். மேலும் கீழும் பக்கங்களும் ஒரே அளவில் தடித்தால் மேலும் கீழும் கூடுதலாகத் தடித்ததாகக் கண் ஏமாறும். எனவே கிடைக்கோடுகளைச் சற்று மெலிய விட்டார்கள். b, d, p ஆகியவற்றில் வளைவு தண்டோடு சேரும் இடத்தில் கோட்டை இளைக்கச் செய்யாவிட்டால் அந்த மூலையில் மை தேங்கிக் கறுப்புத் திட்டாகும். மெல்லிய வடிவத்தில் ஊசிபோலக் கூர்ந்திருக்கும் A-யின் உச்சி, தடித்த வடிவத்தில் மழுங்கித் தட்டையானது. காம்பஸால் வரைந்தது போலத் தோன்றும் இந்த எழுத்தில் காம்பஸ் செய்த வேலை குறைவு, கண் செய்தது அதிகம். இந்தத் தோற்றத்தால், பௌஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியோடு இதைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் ரென்னர் அங்கே ஒருநாளும் ஆசிரியராக இருந்ததில்லை.

நீண்ட வாசிப்புக்கென்றே 1932இல் ஃபியூச்சுராவில் தனியாக ஒரு புத்தக எழுத்தும் வெளிவந்தது. அதே ஆண்டில் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைச் சாடி ரென்னர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1933இல் கைதாகி, மியூனிக் அச்சுக்கலைப் பள்ளிப் பதவியை இழந்தார். ஜெர்மானியம் என்று நாஜிகள் கொண்டாடிய ஃபிராக்டுர் என்ற பழைய எழுத்துவகையை, யூத எழுத்து என்று சொல்லி 1941இல் அவர்களே விலக்கினார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

இதற்குள் எழுத்து அட்லாண்டிக்கைக் கடந்திருந்தது. 1929இல் எம். எஃப். ஆகா வேனிட்டி ஃபேர் இதழின் தலைப்புகளை ஃபியூச்சுராவில் அமைத்தார். அமெரிக்க வார்ப்பகங்கள் ஸ்பார்டன், ட்வென்டியத் சென்சுரி என்று தத்தம் பதிப்புகளை இறக்கின. 1959இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் விளம்பரங்களில் நியூயார்க் விளம்பர வடிவமைப்பாளர் ஹெல்முட் குரோனே இதையே கையாண்டார். நாஜி ஆட்சியில் பிறந்த காரை, நாஜிகள் வேலையைப் பறித்த ஒருவரின் எழுத்தில் நியூயார்க் விற்றது.

தலைப்புப் பயன்பாட்டின் முக்கியத் திருப்பம் 1952இல் எட்வின் ஷார் வரைந்த எக்ஸ்ட்ரா போல்டு என்ற மிகத் தடித்த வடிவம். ரென்னரின் எழுத்துக்கு மேலும் மையூற்றியதாக அதை எண்ணிவிடக் கூடாது. சின்ன எழுத்துகளின் உடல் உயர்ந்து, உள்வெளி குறுகி, வரி முழுவதும் ஒரே கறுப்புப் பட்டையாக இறுகியது. ரென்னரின் எழுத்தில் இருந்த ரோமானிய மூச்சு இதில் இல்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். பல அடி தூரத்திலிருந்து படிக்கப்படும் எழுத்துக்கு அந்த மூச்சு தேவையில்லை. திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இதை விரும்பினார்; 1999இல் வந்த அவருடைய கடைசிப் படத்தின் சுவரொட்டியிலும் இதுவே இருக்கிறது.

இறுக்கத்துக்கு ஈய அச்சு ஓர் எல்லை வைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைமேல் நிற்பதால், அதற்குமேல் நெருக்க வேண்டுமானால் கட்டையின் பக்கத்தை அராவ வேண்டும். ஒளி அச்சுக்கோப்பு வந்ததும் அந்தக் கட்டை மறைந்தது. எழுத்துகளை உரசும்வரை நெருக்க முடிந்தது. கலைஞர் பார்பரா குரூகர் 1980களில் கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டைகளை ஒட்டி, சாய்ந்த தடித்த ஃபியூச்சுராவை வெள்ளையில் பதித்தது இந்த நெருக்கத்தின் பலத்தில்தான். நுகர்வு மோகத்தைச் சாடிய அந்தச் சிவப்புப் பட்டையையும் சாய்ந்த எழுத்தையும் ஒத்த சின்னத்தோடு 1994இல் நியூயார்க்கில் சுப்ரீம் என்ற துணிக்கடை திறந்தது. இன்று அந்தச் சின்னம் பொறித்த பனியனை வாங்க இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.