காரைப் பொட்டலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் வட்டாரமும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரை, குளக்காநத்தம் ஊர்களை ஒட்டிய களிமண் மேடுகளில் புல்கூட அரிதாகவே முளைக்கும். மழைநீர் அரித்த பள்ளங்களோடு பாலைபோல் காயும் இந்தப் பொட்டல், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது. கிரெட்டேசியஸ் காலத்தில் உள்ளே வந்த கடல் விட்டுப்போன படிவுகள் இங்கிருந்து கிழக்கே அரியலூர்வரை விரிகின்றன.

1840களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் திரட்டிய சிப்பிகளையும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அடுத்து வந்த பிளான்ஃபோர்டு, அடுக்குகளை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனப் பிரித்தார். ஊர்ப்பெயரில் பிறந்த அந்தப் பகுப்பு இன்றும் உலகப் புவியியல் நூல்களில் வழங்குகிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார்.

ஆனால் வட்டாரத்தின் போக்கை மாற்றியது சிமெண்ட்தான். படிவின் தென்கோடியில், கல்லக்குடியில் 1939இல் டால்மியா ஆலை எழுந்தது. ஊர்ப்பெயரும் டால்மியாபுரம் ஆனது. பழைய பெயரை மீட்க 1953இல் தி.மு.க. நடத்திய போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் தனி அத்தியாயம். அரியலூரில் அரசின் டான்செம் ஆலை 1979இல் தொடங்கியது. பின்னர் ரெட்டிபாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என ஆலைகள் பெருகின. சாலைகளைச் சுண்ணாம்புக்கல் லாரிகள் நிறைத்தன. ஆலைக்கு வேண்டிய கால்சியம் அந்தக் கடலுயிர்களின் ஓடுகளிலிருந்தும் வந்ததே. ஆகவே சுரங்கம் புதைபடிவத்தை வெளிக்காட்டுகிறது, அதையே அரைத்தும் விடுகிறது. இரண்டில் எது அதிகம் என்ற கணக்கு ஆய்வாளருக்கு மகிழ்ச்சி தராது.

மிகப் பெரிய இழப்புக்கு மட்டும் சுரங்கம் காரணமல்ல. கல்லமேட்டில் கிடைத்த பேருருவ டைனோசரின் எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தனர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இந்த விலங்கு, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் கூட்டத்தில் வைக்கப்பட்டது. எலும்புகளோ ஈரத்தில் நொறுங்கித் தூளாகிவிட்டன. எஞ்சிய பழைய ஒளிப்படங்கள் 2022இல்தான் வெளியாகின. அதற்குச் சற்று முன், 2020 இறுதியில், குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது. நிபுணர்கள் பார்த்து, அவை கடலடியில் திரண்ட உருண்டைக் கற்கள் என்றனர்.