தொலைநுழைவுச் சாவிகள்

ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறோரிடத்துக் கணினிக்குள் நுழைபவர், தாம் இன்னார் என்று நிறுவுவதற்காகக் கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படுத்தும் எண்ணிணை தொலைநுழைவுச் சாவி எனப்படும். இணையில் ஒன்று தனிச் சாவி. அது உரியவரின் கையை விட்டு அகலக் கூடாது. மற்றொன்று பொதுச் சாவி. நுழைய வேண்டிய சர்வரில் அதை முன்கூட்டியே பதிந்து வைப்பார்கள். பெயர் சாவி என்றாலும் பொதுச் சாவி செய்வது பூட்டின் வேலைதான். எத்தனை சர்வர்களில் வேண்டுமானாலும் தொங்கவிடலாம். யார் பார்த்தாலும் கேடில்லை.

நுழையும்போது சர்வர் தனிச் சாவியைக் கேட்பதில்லை. அந்த ஒரு அமர்வுக்கே உரிய தரவில் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பச் சொல்கிறது. வந்த கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சரிபார்க்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு மறுமுறை பயன்படக்கூடிய எதுவும் அகப்படாது. மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே மும்பைத் தரவு மையத்துச் சர்வரைப் பராமரிக்கும் ஒருவரின் அன்றாட வேலை இதை நம்பித்தான் நடக்கிறது.

இதே கணிதத்தில் பிறந்த இன்னொரு சாவியும் இந்தியாவில் புழங்குகிறது. ஒப்பந்தப்புள்ளி போடுபவர்களும் தணிக்கையாளர்களும் ‘டிஎஸ்சி’ என்று சொல்லும் மின்னொப்பச் சான்றிதழ் அது. அதற்குச் சட்டம் உண்டு, வழங்குபவர் உண்டு, காலாவதி உண்டு. தொலைநுழைவுச் சாவிக்கு இவற்றில் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படித்தால்தான் கீழே வரும் வரலாறு விளங்கும்.

தோற்றம்

1976-இல் அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும், முன்பின் சந்தித்திராத இருவர் பொதுவெளியிலேயே பேசி ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினர். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனிலிருந்து அவ்விரண்டையும் மீட்பது கடினம் என்பதே அதன் அடிப்படை. பிரிட்டிஷ் உளவு அமைப்பில் பணிபுரிந்த எல்லிஸ், காக்ஸ் முதலானோர் இதே வழியை முன்னரே கண்டிருந்தது 1997-இல்தான் வெளியே தெரிந்தது.

கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின. அதுவரை தொலைநுழைவு என்றால் டெல்நெட், ஆர்லாகின். இரண்டிலும் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போயிற்று. 1995-இன் தொடக்கத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் யாரோ ஒட்டுக்கேட்பு நிரலை வைத்து ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைத் திரட்டினர். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் சில மாதங்களில் எஸ்எஸ்எச் என்ற நிரலை எழுதி ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் இருந்தன. நடுவில் காலியாகக் கிடந்த 22-ஐ அவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினர்.

அந்த ஜூலைக்கு அடுத்த மாதம், ஆகஸ்டு 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொடக்க நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசி வழியே கிடைத்த அன்றைய ஷெல் கணக்குகள் கடவுச்சொல்லை மட்டுமே அறிந்தவை.

யுலோனென் நிறுவனம் தொடங்கினார். உரிம நிபந்தனைகளும் இறுகின. கனடாவிலிருந்து தியோ டி ராட் நடத்திய ஓப்பன்பிஎஸ்டி குழு, கட்டுப்பாடில்லாத பழைய பதிப்பிலிருந்து கிளைத்த நிரலை எடுத்துச் செப்பனிட்டு ஓப்பன்எஸ்எஸ்எச் என 1999 டிசம்பரில் தந்தது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் இருப்பது அதுவே.

நாற்பது பிட் காலம்

1998-இல் இந்தியா தனியாருக்கு இணையச் சேவை உரிமம் தரத் தொடங்கியது. அந்த உரிமங்களில் ஒரு விசித்திரமான நிபந்தனை இடம்பெற்றது. ஆர்எஸ்ஏ முறையிலோ அதற்கு இணையான முறையிலோ 40 பிட் நீளம் வரையிலான சாவியை எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் எழுத்துமூல அனுமதி வேண்டும், மறைவிலக்கும் சாவியையும் இரண்டு கூறாக்கி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 40 பிட் ஆர்எஸ்ஏ எண்ணை அந்தக் காலத்துக் கணினியே கண் இமைப்பதற்குள் பிரித்துவிடும். எஸ்எஸ்எச் தானாக உருவாக்கிய சாவியோ அப்போதே 1024 பிட். நிபந்தனையை எழுத்துப்படி படித்தால் சென்னையில் சர்வர் வைத்திருந்த ஒவ்வொருவரும் தம் சாவியைப் பிளந்துகொண்டு அரசு வாசலில் நின்றிருக்க வேண்டும்!

2001 ஜூன் 14 அன்று இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் மறையாக்கத்தைப் பரிந்துரைத்தது. (அந்த 128, ஆர்எஸ்ஏ நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவே அன்று, வேறு வகை மறையாக்கத்தின் அளவு. நிபந்தனையை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்ததாகத் தெரியவில்லை.) ஒரு கை 40-க்கு மேல் கூடாது என்றது, மறு கை 128-க்குக் கீழே கூடாது என்றது. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு இந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கலாம். மறையாக்கிய செய்தியின் மூலத்தை 90 நாள் வரை வைத்திருக்க வேண்டும் என்று அது பயனர்களுக்கு விதிக்க முயன்றதால் எதிர்ப்புக் கிளம்பி, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் கண்ட சாவி

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. சான்றளிப்போரைக் கட்டுப்படுத்த ஓர் அதிகாரியை அது ஏற்படுத்தியது. அவரிடம் முதல் உரிமத்தை 2002 பிப்ரவரியில் பெற்றது சென்னை தரமணி டைடல் பூங்காவிலிருந்து இயங்கிய சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனம். இந்தியாவில் சட்ட அங்கீகாரத்தோடு சாவிக்குச் சான்று கொடுக்கும் தொழில் சென்னையில் தொடங்கியது என்று சொல்லலாம். அதே 2002-இல் சென்னையில் செட்ஸ் என்னும் மின்பரிமாற்றப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் தோன்றியது. அதன் கருத்துரு அப்துல் கலாம் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது உருவானது.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் மின்ஒப்பந்தப்புள்ளிக்கு மாறிய பின், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வட்டாரத்துச் சிறு ஒப்பந்தக்காரர்களும் இந்தச் சாவியைப் பழகிக்கொண்டார்கள். தனிச் சாவி ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். வெளியே நகலெடுக்க முடியாது. குறித்த ஆண்டுகளில் காலாவதியாகும். தொலைந்தால் ரத்து செய்யலாம். சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தனிச் சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரியவர் மீதே சுமத்துகிறது. நடப்பு வேறு. டோக்கனையும் பின் எண்ணையும் சேர்த்துக் கணினி மையத்திலோ தணிக்கையாளர் அலுவலக மேசையிலோ விட்டுவைப்பது ஊர்தோறும் காணும் காட்சி.

சட்டக் காவல் இருந்தும் வழங்குமிடத்திலேயே பிழை நேர்ந்ததுண்டு. 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்கள் உடனே ரத்தாயின. ரத்து செய்ய ஓர் இடம் இருந்தது என்பது இங்கே முக்கியம்.

பிறவிக் கோளாறு

சாவி உருவாக்குவது இன்று ஒரு கட்டளை. எஸ்எஸ்எச்-கீஜென் என்று தட்டினால் நொடியில் இரண்டு கோப்புகள் பிறக்கும். தனிச் சாவிக் கோப்பைத் திறக்க ஒரு கடவுத்தொடர் கேட்கும். பெரும்பாலோர் வெறுமனே என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். ஆர்எஸ்ஏ சாவியின் இயல்பு நீளம் 1024-லிருந்து 2048 ஆகி, 2019-இல் 3072 ஆயிற்று. பெர்ன்ஸ்டீன் முதலான ஐவர் 2011-இல் தந்த எட்25519 முறையில் 256 பிட்டே போதும்; பொதுச் சாவி ஒரே சிறு வரியில் அடங்கிவிடும். 2023 முதல் அதுவே இயல்புத் தேர்வு.

ஆர்எஸ்ஏவுக்குப் பகா எண் தேட வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்பதை ஐயத்துக்கிடமின்றி விரைவாகத் தீர்மானிக்கும் முதல் வழிமுறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தனர். கணித உலகம் கொண்டாடிய அந்த முடிவைச் சாவி உருவாக்கும் நிரல்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மில்லர்–ராபின் சோதனை மிகச் சிறிய பிழை வாய்ப்போடு, அதைவிடப் பன்மடங்கு வேகமாக வேலையை முடித்துவிடுகிறது.

உண்மையான ஆபத்து, எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தது. 2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸின் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் சில வரிகளை நீக்கினார். அதோடு தற்செயல்தன்மையே போய்விட்டது. மிஞ்சியது கணினியில் ஓடும் செயலின் வரிசை எண் மட்டும். அது 32,768-ஐத் தாண்டாது. ஒரு வகைக் கணினியில், ஒரே நீளத்தில், உலகம் முழுவதும் அவ்வளவு சாவிகளே பிறக்க முடிந்தது. திருடனுக்கு உடைக்கும் வேலையே இல்லை, பட்டியல் போதும். 2008 மே 13 அன்று குறை அறிவிக்கப்படும் வரை இருபது மாதங்கள் இப்படியே போயின. இந்த இடைவெளியில்தான், 2007 ஜனவரியில், சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. டெபியன் வழிவந்த எதைப் பயன்படுத்தியவரும் அந்த மே மாதத்தில் தம் சாவிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. நூலகத்தைத் திருத்துவது ஒரு நாள் வேலை. உலகெங்கும் சர்வர்களில் ஏற்கெனவே பதிந்துவிட்ட பலவீனமான பொதுச் சாவிகளைத் தேடிக் களைவது ஒரு நாளில் முடிகிற காரியமாக இல்லை. எது யாருடையது என்ற பதிவே பல இடங்களில் கிடையாது.

2012-இல் நாடியா ஹெனிங்கரும் குழுவினரும் இணையம் முழுவதையும் துழாவிப் பார்த்தபோது, தாம் கண்ட எஸ்எஸ்எச் சர்வர்களில் நூற்றுக்கு ஒன்றின் தனிச் சாவியையே கணக்கிட்டு எடுக்க முடிந்தது. ரூட்டர் போன்ற சிறு கருவிகள், போதிய தற்செயல் சேரும் முன்பே சாவி உருவாக்கியதும் கையொப்பமிட்டதும்தான் காரணம்.

பராமரிப்பு

சர்வரில் ஒவ்வொரு பயனருக்கும் ‘ஆதரைஸ்டு கீஸ்’ என்னும் எழுத்துக் கோப்பு உண்டு. அதில் யாருடைய பொதுச் சாவி ஒரு வரியாக இருக்கிறதோ அவர் நுழையலாம். வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை நிறுவனங்கள் அன்றே முடக்கிவிடும்; அந்த வரியை நீக்க மறந்துவிடும். யுலோனெனே பிற்காலத்தில் இதைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். 15,000 சர்வர்கள் கொண்ட ஒரு நிதி நிறுவனத்தில் 30 லட்சம் சாவிகள் இருந்தன என்றும், அவற்றில் 90 விழுக்காடு எவராலும் பயன்படுத்தப்படாதவை என்றும் அவருடைய நிறுவனம் கூறியது. அவரும் சேர்ந்து எழுதிய வழிகாட்டியை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2015-இல் வெளியிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு விடை விற்கும் நிறுவனங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, கீ மேனேஜர் பிளஸ் என்ற மென்பொருளைத் தருகிறது. சர்வர்களில் சிதறிக் கிடக்கும் எஸ்எஸ்எச் சாவிகளைத் தேடிப் பட்டியலிட்டு, உரியவரோடு இணைத்து, குறித்த இடைவெளியில் மாற்றித் தருவது அதன் பணி. சாவிகளையெல்லாம் ஓரிடத்தில் குவிப்பதில் வேறோர் இடர் உண்டு. அதே பிரிவின் பாஸ்வேர்ட் மேனேஜர் புரோவில், உள்ளே நுழைந்து எந்தக் கட்டளையையும் ஓட்டவிடும் ஓட்டை 2022-இல் தெரியவந்தது. ஜூனில் திருத்தம் வெளியானது. தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியலில் அதை அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை செப்டம்பரில் சேர்த்தது. மூன்று மாதம் கழித்தும் திருத்தாதவர்கள் இருந்தார்கள்.

சர்வருக்கும் சொந்தச் சாவி உண்டு. முதல்முறை இணையும்போது அதன் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். ஒப்பிட்டுப் பார்க்காமல் ‘எஸ்’ தட்டுவதே நம் வழக்கம். 2023 மார்ச் 24 வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை பத்தரை மணி அளவில், கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியது. தனிச் சாவி பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதே காரணம். உலகின் மிகப் பெரிய நிரல் களஞ்சியத்துக்கே அந்தக் கதி. சென்னை அலுவலகங்கள் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தன. மிரட்டும் எச்சரிக்கை திரையில் வந்து, பலர் முதன்முறையாகக் கைரேகையை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டனர்.

சாவி வலுவாக இருந்தும் அது கிடக்கும் கணினி தொற்றுக்கு ஆளானால் பயனில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே இருந்ததால் தப்பியது. தனிச் சாவியைக் கணினியிலிருந்தே பிரித்து, கையில் வைத்துத் தொட்டால் மட்டும் இயங்கும் வன்பொருளுக்குள் அடைக்கும் வசதி 2020 பிப்ரவரியில் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வந்தது. ஒப்பந்தக்காரரின் டோக்கன் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைதான் அது.

குவாண்டம் கணினிக்கு அஞ்சி இணைப்பின் மறையாக்கம் மாறிவருகிறது: 2022 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச் அதைத் தாங்கும் முறையை இயல்பாகவே கையாள்கிறது. இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கத்தில் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியிடம் தரப்பட்டுள்ளது. சட்டப் பக்கத்தில், செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 ஆணை, ஊடுருவலை ஆறு மணி நேரத்தில் தெரிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் காக்கவும் சொல்கிறது. பதிவேட்டில் எந்தச் சாவி நுழைந்தது என்று இருக்கும். அந்தச் சாவியை வைத்திருப்பது யார் என்று இருக்காது. கால வரம்புள்ள சான்றிதழ் முறை ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2010 முதலும், ஆதரைஸ்டு கீஸ் கோப்பின் வரியிலேயே முடிவு நாள் குறிக்கும் வசதி 2018 முதலும் உள்ளன. இரண்டும் நாமாக முனைந்து அமைத்தால் மட்டுமே செயல்படும். எஸ்எஸ்எச்-கீஜென் இயல்பாக உருவாக்கித் தரும் சாவிக்கு இன்றும் காலாவதித் தேதி கிடையாது.